பிராக் போறீங்களா? ஜெட்லாக்கை வேஸ்ட் பண்ணாதீங்க

போன இதழ்ல ஒருத்தர் "அஞ்சு நாள் லீவுதான் இருக்கு, ஐரோப்பால ஒரே ஒரு பழைய தலைநகரம் சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தார், நான் "பிராக்"ன்னு ஒத்தை வார்த்தையில பதில் போட்டுட்டு அடுத்த கேள்விக்குத் தாவிட்டேன். அது தப்பாப் போச்சு. எங்க இருக்கு, எப்படிப் போறது, அம்மாவால நடக்க முடியுமா, தயிர் சாதம் கிடைக்குமான்னு ஒரு மூட்டை கேள்வி வந்திருக்கு. ரெண்டு தடவை போய்ட்டு வந்தவள்ங்கிற தகுதியில இந்த மாசம் முழுக்க செக் நாட்டோட தலைநகரமான பிராக்தான். வேற ஊர்க்காரங்க கோச்சுக்காதீங்க.

செங்காங் வாசகி: அக்கா, செப்டம்பர் ஸ்கூல் லீவுல போறோம். அங்க தங்கறது அஞ்சு ராத்திரி. பிராக் ரெண்டு, வியன்னா ரெண்டு, புடாபெஸ்ட் ஒண்ணுன்னு என் வீட்டுக்காரர் எக்செல்ல போட்டு வச்சிருக்கார். சரியா வருமா?

வராது மா. அந்த எக்செல்லை அவர் மனசு நோகாம டிலீட் பண்ணிடுங்க.

பிராக்ல இருந்து வியன்னாவுக்கு ரயில்ல நாலு மணி நேரம், அங்கேர்ந்து புடாபெஸ்ட் இன்னொரு ரெண்டரை மணிக்கு மேல. பார்க்க கம்மியாத்தான் தெரியும். ஆனா காலையில பெட்டி கட்டணும், ரூமை காலி பண்ணணும், ஸ்டேஷனுக்குப் போகணும், புது ஊர்ல இறங்கி ஹோட்டலைத் தேடணும், போனா "மூணு மணிக்குத்தான் ரூம்"பான், பிள்ளைங்க பசிக்குதுன்னு உட்கார்ந்துடும், அதோட அந்த நாள் காலி. அஞ்சு நாள்ல ரெண்டு நாள் பெட்டி இழுக்கறதுக்கே போயிடும். அதுக்கு மேல சிங்கப்பூர்லேர்ந்து பிராக்குக்கு நேரடி ஃப்ளைட் கிடையாது, துபாய், தோஹா, இஸ்தான்புல், ஃப்ராங்க்ஃபர்ட்னு எங்கயாவது மாறித்தான் போகணும், எப்படியும் பதினேழு பதினெட்டு மணி நேரம் ஆயிடும். அவ்ளோ தூரம் போய் ஒரு ஊர்ல கூட ஆற அமர உட்காரலன்னா அப்புறம் எதுக்கு போறோம்?

இன்னொண்ணு சொல்றேன், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. எல்லாரும் ஜெட்லாக் ஜெட்லாக்னு அழுவாங்க, நமக்கு அது வரம். வெயில் காலத்துல பிராக் நம்மளை விட ஆறு மணி நேரம் பின்னாடி, குளிர் காலத்துல ஏழு. அங்க விடியக்காலை நாலு மணின்னா உங்க உடம்புக்கு பத்து மணி. தானா முழிப்பு வந்துடும். முதல் ரெண்டு நாள் ஹோட்டல் ரூம்ல விட்டத்தைப் பார்த்துட்டு படுத்திருக்காதீங்க, எழுந்து சட்டையை மாட்டிட்டு சார்லஸ் பாலத்துக்கு நடங்க.

பகல்ல அந்த பாலம் தைப்பூசத்தன்னைக்கு சிராங்கூன் ரோடு மாதிரி. 516 மீட்டர் நீளம், ஒரு இன்ச் இடம் இருக்காது, செல்ஃபி ஸ்டிக், படம் வரையறவங்க, ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தம் விக்கறவங்க. அதே பாலத்துல செப்டம்பர்ல காலை ஆறரைக்கு நான் எண்ணிப் பார்த்தேன், என்னையும் சேர்த்து பதினோரு பேர். கல்யாண டிரெஸ்ல போட்டோ எடுக்க வந்த ஒரு ஜோடி, அவங்க கேமராமேன், ஒரு நாய், அதைக் கூட்டிட்டு வந்த தாத்தா. வல்தாவா ஆத்துல இருந்து புகை மாதிரி பனி எழும்புது, ரெண்டு பக்கமும் இருக்கற முப்பது சிலையும் கறுப்பா நிக்குது, பின்னாடி மேட்டுல கோட்டை. பேசவே தோணல.

அங்க யான் நெபோமுக்னு ஒரு பாதிரியார் சிலையைத் தேடுங்க, தலையைச் சுத்தி அஞ்சு நட்சத்திரம் இருக்கும், 1683ல வச்சது. 1393ல ராஜா இவரை இந்த பாலத்துல இருந்துதான் ஆத்துல தள்ளச் சொன்னார். ராணி பாவமன்னிப்புல சொன்ன ரகசியத்தை வெளிய சொல்ல மாட்டேன்னதுக்காகன்னு கதை, சரித்திரக்காரங்க அது சர்ச் பதவித் தகராறும்பாங்க. சிலைக்குக் கீழ இருக்கற வெண்கலத் தகட்டுல அவர் தலைகீழா விழற இடம் மட்டும் பளபளன்னு தங்கமா மின்னும், அவ்ளோ கை பட்டிருக்கு. தொட்டா திரும்ப பிராக் வருவோம்னு நம்பிக்கை. நானும் தொட்டேன், திரும்பவும் போனேன், அதனால வாயைத் திறக்க மாட்டேன்.

பாலத்துக்கு அடிக்கல் போட்டது 1357ல நாலாம் சார்லஸ் ராஜா. காரை கெட்டியா நிக்கறதுக்கு முட்டை கலந்தாங்கன்னும், நாடு பூரா ஊர் ஊரா முட்டை அனுப்பச் சொன்னாங்கன்னும், வெல்வாரிங்கற ஊர்க்காரங்க வழியில உடையக்கூடாதேன்னு அவிச்சு அனுப்பிட்டாங்கன்னும் ஒரு கதை. நம்ம செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேச்ச கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது ஒண்ணும் அதிசயமா படல, அவிச்சு அனுப்பினவங்களை மட்டும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

சுவா சூ காங் வாசகர்: அம்மாவுக்கு எழுபது வயசு, முட்டி வலி உண்டு. கோட்டை மேட்டுல இருக்குன்னு சொல்றாங்க. கூட்டிட்டுப் போகலாமா, இல்ல தங்கச்சி வீட்டுல விட்டுட்டுப் போயிடவா?

விட்டுட்டு எல்லாம் போகாதீங்க தம்பி, ட்ராம்னு ஒண்ணு இருக்கே. 22ஆம் நம்பர் ட்ராம் கோட்டைக்குப் பக்கத்துலயே கொண்டு போய் விடும். "பிராஷ்ஸ்கி ஹ்ராட்"ன்னு ஸ்டாப் பேரு, கோட்டைன்னு அர்த்தம். எல்லா டூர்காரங்களும் "ட்ராம்ல ஏறிட்டு இறங்கும்போது படிக்கட்டு வழியா அழகா நடந்து வாங்க"ன்னு சொல்வாங்க, கேக்காதீங்க. முட்டி வலிக்காரங்களுக்கு ஏறறதை விட இறங்கறதுதான் எமன். திரும்பவும் அதே ட்ராம். அந்த 22ல பிக்பாக்கெட் ஜாஸ்தி, அம்மா கைப்பையை முன்னாடி போட்டுக்கச் சொல்லுங்க.

ஊர் பூரா கருங்கல் பாவின தெரு. பார்க்க அழகு, பாதத்துக்கு ஆகாது. அம்மா போட்டுட்டு வர்ற மெல்லிசு செருப்பு சரிப்படாது, அடி கெட்டியான ஷூவை இங்கயே வாங்கி, ரெண்டு வாரம் பிளாக்குக்குக் கீழ நடந்து பழகச் சொல்லுங்க. மெட்ரோ எஸ்கலேட்டர் நம்ம எம்ஆர்டிய விட வேகமா ஓடுது, நீளமும் ஜாஸ்தி, நாமியெஸ்தீ மீரு ஸ்டேஷன்ல 87 மீட்டர். எங்க மாமியார் முதல் நாள் அதைப் பார்த்துட்டு "நான் வரல, நீங்க போங்க"ன்னு சாமி கும்பிடற மாதிரி நின்னுட்டாங்க. அப்புறம் எங்க போனாலும் ட்ராம்தான். அதுவே நல்லதாப் போச்சு, ஜன்னல் வழியா ஊரையே பார்த்தாச்சு.

ரூம் புக் பண்றப்ப லிஃப்ட் இருக்கான்னு எழுதிக் கேட்டு பதில் வாங்கிக்குங்க. பழைய கட்டடம் பாதிக்கு லிஃப்ட் கிடையாது. இன்னொரு கோளாறு, நமக்கு முதல் மாடின்னா தரைத்தளம், அவங்களுக்கு அதுக்கு மேல இருக்கறதுதான் முதல் மாடி. "மூணாவது மாடிதானே"ன்னு எடுத்தா நம்ம கணக்குல நாலு. "பழைய ஊர்"ங்கற மையப் பகுதியிலயே தங்கணும்னு அவசியமில்ல, ராத்திரி குடிச்சவங்க சத்தம் வேற. ஈ. பே. பாவ்லோவா மெட்ரோ பக்கம், வினோஹ்ராடி பக்கம் பாருங்க, 22 அந்த வழியாத்தான் போகுது, கொஞ்சம் மலிவு, கீழயே பேக்கரி இருக்கும்.

கோட்டைக்குள்ள முற்றத்துல சுத்தறதுக்கு டிக்கெட் வேணாம், உள்ள இருக்கற கட்டடங்களுக்குத்தான். அதுல புனித விட்டஸ் பேராலயத்தை விடாதீங்க. 1344ல கட்ட ஆரம்பிச்சு 1929லதான் முடிச்சாங்க. நம்ம எஸ்டேட்ல லிஃப்ட் அப்கிரேடிங் ரெண்டு வருஷம் இழுத்ததுக்கு நான் கத்தின கத்தல் ஞாபகம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில பூசை நடக்கும், சுத்திப் பார்க்க வர்றவங்களை மத்தியானத்துக்கு மேலதான் விடுவாங்க, அதனால கோட்டைய ஞாயிறு காலையில வச்சுக்காதீங்க.

பொங்கோல் வாசகி: பதினோரு வயசுப் பையன். சர்ச், சிலை, கட்டடம்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். என்ன பண்றது?

ஜன்னல் கதையைச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. 1618ல அதே கோட்டையில, மதச் சண்டையில கோபம் வந்த புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் ராஜாவோட ரெண்டு அதிகாரிகளையும் அவங்க எழுத்தரையும் ஜன்னல் வழியா வெளிய தூக்கிப் போட்டுட்டாங்க. இருபது மீட்டர் உயரம், நம்ம பிளாக் கணக்குல ஏழாவது மாடின்னு வச்சுக்குங்க. மூணு பேரும் சாகல! கத்தோலிக்கக்காரங்க "மாதா தாங்கிப் பிடிச்சாங்க"ன்னாங்க, எதிர்க்கட்சி "கீழ சாணிக்குப்பை இருந்துச்சு, அதுல விழுந்தாங்க"ன்னுச்சு. அதுல பத்திக்கிட்டதுதான் முப்பது வருஷப் போர். அந்த அறையையும் ஜன்னலையும் இப்பவும் காட்டுவாங்க. சாணிக்குப்பைன்னு சொன்ன பிறகு எந்தப் பையனும் மூஞ்சியைத் தூக்கிட்டு இருக்க மாட்டான். இந்தக் கதைக்குத் தொடர்ச்சி வேணும்னா பழைய ஊர் சதுக்கத்துல தரையில 27 வெள்ளை சிலுவை பதிச்சிருக்கு, அந்தக் கலகத்துல தோத்த பிறகு 1621ல அங்க தலை வெட்டப்பட்டவங்களுக்காக. எண்ணச் சொல்லுங்க.

பிடோக் வாசகர்: வானியல் கடிகாரம்னு ஏதோ இருக்காமே, என் நண்பர் போய்ட்டு வந்து "அரை மணி நேரம் கூட்டத்துல நின்னேன், ரெண்டு பொம்மை வந்துட்டுப் போச்சு, அவ்ளோதான்"னு சொல்றார். பார்க்கணுமா?

உங்க நண்பர் பார்க்க வேண்டியதை விட்டுட்டு பொம்மையைப் பார்த்துட்டு வந்துட்டார் அங்கிள்.

பொம்மை நாடகம் உண்மைதான், ஒரு நிமிஷம் கூட இருக்காது. மணி அடிக்கறப்ப ஓரத்துல நிக்கற எலும்புக்கூடு கயித்தை இழுத்து மணியாட்டும், "நேரமாச்சு, கிளம்பு"ன்னு அர்த்தம், பக்கத்துல கண்ணாடி வச்சிருக்கறவன், பணமூட்டை வச்சிருக்கறவன் எல்லாம் "இன்னும் இல்ல, இன்னும் இல்ல"ன்னு தலையாட்டுவாங்க, மேல ரெண்டு ஜன்னல்ல ஏசுவோட சீடர்கள் வரிசையா எட்டிப் பார்த்துட்டுப் போவாங்க, கடைசியா ஒரு தங்கச் சேவல் கூவும். கூட்டம் "அவ்ளோதானா"ன்னு கலையும். நீங்க கலையாதீங்க. அப்பத்தான் முன்னாடி போய் நின்னு கடிகாரத்தைப் பார்க்க இடம் கிடைக்கும்.

1410ல செஞ்சது அது. கடான் ஊர் மிக்குலாஷ்னு ஒரு கடிகாரக்காரர் செஞ்சார், கணக்குப் போட்டுக் கொடுத்தது யான் ஷிண்டெல்ங்கிற வானியல்காரர்னு சொல்வாங்க. வெள்ளைக்காரன் இதை டிகோட் பண்றதுக்கு கையில புத்தகம் வச்சிட்டு நிக்கறான், ராசிபலன் பார்க்கற குடும்பத்துல பொறந்த நமக்கு பாதி தானாவே புரியும். முள்ளு ஒண்ணோட நுனியில தங்கச் சூரியன், இன்னொண்ணுல பாதி கறுப்பு பாதி வெள்ளி உருண்டையா நிலா. அந்த உருண்டை தானாத் திரும்பி வளர்பிறை தேய்பிறை காட்டும். மையத்தை விட்டு கொஞ்சம் தள்ளிச் சுத்தற ஒரு சின்ன வட்டம் இருக்கு பாருங்க, அதுதான் ராசிச் சக்கரம், சூரியன் இப்ப எந்த ராசில இருக்கு, சந்திரன் எந்த ராசில இருக்குன்னு அப்படியே படிச்சுக்கலாம். ஒரே ஒரு விஷயம், நம்ம பஞ்சாங்கத்தோட ஒத்துப் போகாது. மேஷத்துல சூரியன் நுழையறது அவங்களுக்கு மார்ச் 20, 21, நமக்கு ஏப்ரல் 14 சித்திரை ஒண்ணு. அவங்க இரவும் பகலும் சமமா இருக்கற நாள்லேர்ந்து கணக்கு எடுக்கறாங்க, நாம நட்சத்திரத்தை வச்சு எடுக்கறோம், அந்த இருபத்திச் சொச்சம் டிகிரி வித்தியாசம்தான். கடிகாரம் தப்புன்னு அங்க நின்னு சண்டை போடாதீங்க, எங்க மாமனார் போட்டார்.

வெளி வளையத்துல தங்க எழுத்துல 1லேர்ந்து 24 வரை இருக்கே, அது பழைய செக் நேரம். அவங்களுக்கு நாள் முடியறது ராத்திரி பன்னெண்டுக்கு இல்ல, சூரியன் மறையறப்ப. அதனால அந்த வளையம் வருஷம் பூரா முன்ன பின்ன நகர்ந்துட்டே இருக்கும். நாம சூரியன் உதிக்கறதுலேர்ந்து நாழிகை எண்ணின மாதிரி, அவங்க மறையறதுலேர்ந்து எண்ணியிருக்காங்க. அதே முகத்துல இன்னொரு கணக்கும் இருக்கு, வளைஞ்சு வளைஞ்சு போற கோடுங்க, சூரிய உதயத்துலேர்ந்து மறையற வரைக்கும் பகலைப் பன்னெண்டாப் பிரிச்சது. பகல் நீண்டா அந்த மணியும் நீளும், பகல் குறுகினா மணியும் குறுகும். ராகு காலம் பார்க்கறவங்களுக்கு இது நல்லாவே புரியும், பகலை எட்டாப் பிரிக்கறோம் இல்லையா? சிங்கப்பூர்ல வருஷம் பூரா பகல் பன்னெண்டு மணி நேரம்தான், அதனால ராகு காலம் எப்பவும் ஒன்றரை மணி. பிராக்ல ஜூன்ல பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல, டிசம்பர்ல எட்டுதான். அப்ப ராகு காலம் ஜூன்ல ரெண்டு மணி நேரம், டிசம்பர்ல ஒரு மணி நேரம்! காலண்டர்ல போட்டிருக்கற ஒன்றரை மணியை அங்க கொண்டு போய் வச்சுக்கிட்டு ட்ராம் ஏறாம நிக்கறதுல அர்த்தமில்ல.

செஞ்சவர் கண்ணைக் குருடாக்கிட்டாங்கன்னு கைடு ஒரு கதை விடுவார், அது கதைதான். 1945 மே மாசம் சண்டையில தீப்பிடிச்சு நாசமானதும் 1948ல திரும்ப ஓட விட்டதும் நிஜம்.

உட்லண்ட்ஸ் வாசகர்: நான் இந்திய பாஸ்போர்ட், மனைவி சிங்கப்பூர் சிட்டிசன். விசா?

மனைவிக்கு வேண்டாம், 90 நாள் வரைக்கும். உங்களுக்கு பிஆர் இருந்தாலும் ஷெங்கன் விசா வேணும், ஐரோப்பால பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா அது. எந்த நாட்டுல ஜாஸ்தி ராத்திரி தங்கறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும், அதனாலயும் ஒரே ஊர்னா தலைவலி கம்மி. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே போடலாம், கடைசி பட்சம் 15 நாள், ஆனா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதுதான் கஷ்டம். கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் காட்டணும்.

சிட்டிசன் ஆனவங்களும் கவனிங்க, 2025 அக்டோபர் 12லேர்ந்து ஷெங்கன் எல்லையில கைரேகையும் முகப் படமும் எடுக்கற புது முறை வந்திருக்கு, முதல் தடவை போறப்ப நேரம் எடுக்கும். ஃப்ராங்க்ஃபர்ட்ல மாறினா அந்த வரிசை ஃப்ராங்க்ஃபர்ட்லயே, அதனால ஒரு மணி நேர கனெக்ஷன் எல்லாம் எடுத்து வயித்துல புளியைக் கரைச்சுக்காதீங்க. துபாய், தோஹா வழியாப் போனா பிராக்ல இறங்கித்தான் இமிக்ரேஷன். ஈட்டியாஸ்னு 20 யூரோ ஆன்லைன் அனுமதியும் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு வரப்போகுது, டிக்கெட் போடறப்ப அது ஆரம்பிச்சிடுச்சான்னு ஐரோப்பிய ஒன்றியத்தோட சொந்த சைட்ல பாருங்க, வேற சைட்ல காசு கட்டி ஏமாறாதீங்க.

தோ பாயோ வாசகி: யூரோ எவ்வளவு மாத்திட்டுப் போகணும்?

யூரோ வேணாம் மா, அங்க கொருனா. ஒரு வெள்ளிக்கு சுமார் 16, 17 கொருனா. ஐரோப்பிய ஒன்றியத்துல இருக்காங்க, காசு மட்டும் சொந்தக் காசு. கார்டே எல்லா இடத்துலயும் தட்டலாம், மெஷின் "சிங்கப்பூர் டாலர்ல கழிக்கவா"ன்னு அன்பாக் கேக்கும், வேணாம்னு கொருனாவையே அமுக்குங்க, இல்லன்னா ரேட்ல அடிச்சிடுவாங்க. ஏடிஎம்லயும் அதே கேள்வி, அதே பதில்.

கொஞ்சம் சில்லறை மட்டும் வச்சுக்குங்க, டாய்லெட்டுக்கு. நம்ம கோப்பிக்கடை டாய்லெட்டுல 20 காசு கொடுக்க முணுமுணுத்தவ நான், அங்க 10, 20 கொருனா கேட்டாங்க, வாயை மூடிட்டுக் கொடுத்தேன். தெருவுல யாராவது வந்து "நல்ல ரேட் தர்றேன்"னா நகர்ந்துடுங்க, செல்லாத வேற நாட்டு நோட்டைத் திணிப்பாங்க. கடையில மாத்தி ஏமாந்துட்டா பதறாதீங்க, 1,000 யூரோ வரைக்கும் மாத்தினதை மூணு மணி நேரத்துக்குள்ள ரசீதோட போய் ரத்து பண்ணலாம்னு 2019லேர்ந்து அங்க சட்டமே இருக்கு. ரசீதைத் தூக்கிப் போடாதீங்க.

அப்புறம் நான் தண்டம் அழுத கதை. மெட்ரோல கேட் கிடையாது, நம்ம மாதிரி தட்டிட்டு உள்ள போறதெல்லாம் இல்ல. மெஷின்ல பேப்பர் டிக்கெட் வாங்கினேன், பத்திரமா பர்ஸ்ல வச்சேன், ரொம்ப நல்ல பொண்ணு மாதிரி உட்கார்ந்தேன். மஞ்சப் பெட்டியில விட்டு டக்குனு முத்திரை குத்தணுமாம், அப்பத்தான் அது டிக்கெட், இல்லன்னா வெறும் காகிதம். சாதாரணச் சட்டையில பக்கத்துல நின்னுட்டு இருந்தவர் உள்ளங்கைல ஒரு பேட்ஜைக் காட்டினார் பாருங்க, ரயிலே என்னைப் பார்த்துச்சு. தப்பு என் மேல, கட்டினேன். 72 மணி நேர டிக்கெட் வாங்கி ஒரே ஒரு தடவை குத்திட்டா அப்புறம் நிம்மதி. ட்ராமுக்குள்ள கார்டு தட்டி வாங்கற டிக்கெட்டுக்கு குத்த வேண்டாம்.

அங் மோ கியோ வாசகி: யூதர் தெரு பார்க்கணுமா, இல்ல நேரம் மிச்சம் பண்ணிக்கவா?

பாருங்க. யோசெஃபோவ்னு பேரு, சனிக்கிழமை மூடியிருக்கும், நிறைய பேர் அன்னைக்குப் போய் ஏமாறுவாங்க. பிங்காஸ்ங்கிற தொழுகைக்கூடச் சுவர்ல நாஜிகள் கொன்ன செக் யூதர்கள் பேரு எழுதியிருக்கு, கிட்டத்தட்ட 80,000 பேர். பேரு, பொறந்த தேதி, கடைசியா உயிரோட இருந்ததாத் தெரிஞ்ச தேதி. தூரத்துலேர்ந்து பார்த்தா சுவர்ல ஏதோ டிசைன்னு நினைச்சேன். மாடியில தெரெசின் முகாம்ல அடைச்சு வச்சிருந்த பிள்ளைங்க வரைஞ்ச படம், வீடு, பட்டாம்பூச்சி. அன்னைக்கு மத்தியானம் வேற எதுவும் வச்சுக்காதீங்க. வெளிய வந்தா யூதர் மன்றக் கட்டடத்துல எபிரேய எழுத்துல ஒரு கடிகாரம், முள்ளு இடப்பக்கமாச் சுத்தும், அவங்க வலமிருந்து இடமா எழுதறவங்க இல்லையா.

ரெண்டு ஆண் வாசகர்கள் பீர் பத்தி மட்டும் கேட்டிருக்காங்க. சுருக்கமா. உங்க டம்ளர் காலியானா சர்வர் கேக்காமலே அடுத்ததை வச்சுட்டு மேசையில இருக்கற துண்டுச் சீட்டுல ஒரு கோடு கிழிச்சிட்டுப் போவார். போதும்னா டம்ளருக்கு அடியில வைக்கற அட்டையை எடுத்து டம்ளர் மேல வச்சு மூடுங்க. வீட்டுக்காரம்மாவும் அந்தக் கோடுகளை எண்ணலாம்.

ஜூரோங் வாசகி: டிசம்பர்ல கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க ஆசை. குளிருக்கு என்ன பண்றது?

சந்தை நல்லா இருக்கும், ஆனா சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும், குளிர் சைபர் பக்கம் நிக்கும், விடியறதே எட்டு மணிக்கு. நான் சொன்ன விடியக்காலைப் பாலம் டிசம்பர்ல இருட்டுல, விளக்கு வெளிச்சத்துல, அதுவும் ஒரு அழகு. கோட்டுக்கு ஐநூறு வெள்ளி அழாதீங்க, வாடகைக்குத் தர்ற கடைங்க இங்கயே இருக்கு. ஷூவும் காதுமூடியும் மட்டும் சொந்தமா நல்லதா வாங்குங்க.

ஈஷூன் வாசகி, "சுத்த சைவம்": சாப்பாட்டுக்கு என்ன மா பண்ணுவேன்? பொடி, ஊறுகாய் கொண்டு போகலாமா?

அம்மா, பட்டினி கிடக்க மாட்டீங்க. ஊர்ல இந்தியன் கடையும் இருக்கு, சைவக் கடையும் இருக்கு. செக் ஹோட்டல்ல போனா "பெஸ் மாசா"ன்னு சொல்லுங்க, இறைச்சி இல்லாமன்னு அர்த்தம். ஆனா சூப்பை நம்பாதீங்க, பூண்டு சூப்னு மெனுல இருக்கும், கறி வேகவச்ச தண்ணியில செஞ்சிருப்பாங்க, வறுக்கறதுக்கும் பன்றிக் கொழுப்பு போடற பழக்கம் உண்டு, கேட்டுக்குங்க. "ஸ்மஜெனீ சீர்"னு ஒண்ணு, சீஸை கட்டியா வெட்டி மாவுல பொரட்டிப் பொரிச்சு உருளைக்கிழங்கோட தருவாங்க, மாவுல முட்டை இருக்கும், முட்டை சாப்பிடறவங்களுக்கு மட்டும். வெட்டினா சீஸ் பாலாடை மாதிரி வழிஞ்சு தட்டு பூரா ஓடும், மூணாவது வாய்க்கு மேல எனக்கு ஒரு எலுமிச்சை ஊறுகாய் கிடைச்சா தேவலைன்னு ஆயிடுச்சு. கம்பியில சுத்திச் சுட்டு சர்க்கரை தூவி விக்கற ட்ரடெல்னிக்கை "பழங்கால செக் பலகாரம்"னு போர்டு போட்டிருப்பாங்க, அது டூரிஸ்டுக்கு வந்ததுதான், வாசனைக்கு ஒண்ணு வாங்கிக்குங்க, தப்பில்ல.

இப்ப பெட்டி. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், உடனடி உப்புமா மிக்ஸ் எல்லாம் போகும், மிக்ஸ் பாக்கெட்டுல பால் பவுடர் இருக்கான்னு மட்டும் பின்னாடி படிச்சுடுங்க. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வெளியிலேர்ந்து இறைச்சியும் பால் சாமானும் கொண்டு போகக்கூடாது. நெய், பனீர், பால்கோவா, தேக்கால வாங்கின மைசூர்பாகு, எல்லாத்தையும் வீட்டுலயே வச்சுடுங்க. தயிர் அங்க எந்த சூப்பர்மார்க்கெட்லயும் கிடைக்கும், நம்ம தயிர் சாதத்துக்கு அதுவே தாராளம், ரூம்ல கெட்டில் மட்டும் இருந்தா போதாது, அடுப்பு இருக்கற அபார்ட்மென்ட்டா எடுங்க. நம்ம மூணு முனை பிளக் அங்க ஏறாது, ரெண்டு உருண்டை முனை அடாப்டர் வேணும்.

கறிவேப்பிலையை ஜிப் பையில போட்டு மறைக்கற வேலை வேணாம். பச்சை இலை, பழம், காய்கறி எதுவா இருந்தாலும் சான்றிதழ் கேப்பாங்க. அஞ்சே அஞ்சு பழத்துக்குத்தான் விலக்கு: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், அஞ்சாவது டுரியன். நிஜமாத்தான் சொல்றேன், சட்டத்துல பேர் போட்டே இருக்கு. பிராக் கஸ்டம்ஸ்காரர் டுரியனுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டார், சாங்கியிலேர்ந்து பதிமூணு மணி நேரம் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து வர்றவரைத்தான் நீங்க சமாளிக்கணும்.